வீதியில் நடப்போரின் வெயில்

கோவலனும் கண்ணகியும் கவுந்தியடிகளோடு மதுரை நோக்கிச் சென்றபோது, பகல் வெம்மைக்கு அஞ்சி நிலவொளியில் இரவிலே வழிநடந்தனர் எனச் சிலப்பதிகாரம் கூறும். இப்பகுதியை வகுப்பிற் கற்பித்த அன்றே, மாத்தளைத் திருகோணமலை வீதியில், பிற்பகல் ஒன்றரை மணிக்குப் பின் வீடு திரும்பிய என் மாணவியொருத்தி வெயிலில் மயங்கிச் சாய்ந்தாள். பாடசாலை விட்டுச் செல்லும் பிள்ளைக்கு இரவைத் தெரிந்தெடுக்கும் உரிமை ஏது?

அன்றைய வெப்பநிலையை வினவினேன். அறிவிக்கப்பட்ட அளவு அச்சந் தருவதாயில்லை. காரணத்தைப் பின்னரே உணர்ந்தேன். வானிலை நிலையத்து வெப்பமானி, காற்றோட்டமுள்ள வெண்ணிறப் பெட்டிக்குள், புற்றரைக்கு மேலே, நிழலில் இருப்பது. காற்றின் வெப்பத்தை அது முறையாகவே அளக்கின்றது. நடப்பவரோ மேலே கதிரவனாலும், கீழே தாரினாலும், பக்கத்தே சுவர்களாலும் சுடப்படுகின்றார். ஏப்ரல் முற்பாதியில் ஞாயிறு நம் நாட்டுக்கு நேர் உச்சியில் நிற்கும். காற்றில் ஈரம் மிகுந்தால் வியர்வை எளிதில் உலராது. உலராத வியர்வை உடலைக் குளிர்விக்காது.

வெம்மையோடு புகையும் சேர்கின்றது. விரைந்து நடப்பவர் மிகுதியாக மூச்சு வாங்குவர். சிறுவரின் மூக்கோ வண்டிகளின் புகைக்குழாய்க்கு அணித்தாயுள்ளது. 2.5 மைக்ரோமீற்றரிலும் சிறிய துகள்கள் நுரையீரலின் ஆழம்வரை செல்வன. ஒரு கனமீற்றர் காற்றில் இவற்றின் நாட்சராசரி 15 மைக்ரோகிராமை விஞ்சலாகாதென உலக சுகாதார நிறுவனம் 2021இல் விதந்துரைத்தது. 2022 டிசம்பர் 9 அன்று, சீரற்ற வானிலையும் காற்று மாசும் காரணமாக நாடெங்கும் பாடசாலைகள் மூடப்பட்டன. அஃது ஒருநாட் செய்தி. வீதியோரப் புகையோ நாள்தோறும் உள்ளது.

வெயிலில் நடத்தல் நம் மக்களுக்குப் புதியதன்று. கோப்பிக் காலத்தில், மன்னார்க் கரையில் இறங்கிய நம் முன்னோர் தம்புள்ளை வழியாக இம்மாத்தளைக்கு நடந்தே வந்தனர். வழியில் மாண்டோர் பலர். அவர்தம் இன்னலை அன்று அளந்தாரில்லை. இன்றோ அளக்கும் கருவிகள் உள. அவற்றைப் பிள்ளைகள் நடக்கும் வீதியோரத்தில், அவர்தம் மூக்கின் உயரத்தில், பாடசாலை விடும் வேளையில் வைத்து அளத்தல் வேண்டும். அளவு தெரிந்தால், எங்கே மரம் நடுவது, எங்கே பந்தலிடுவது, பஸ் தரிப்பிடத்தை எங்கே தள்ளி அமைப்பது என்பன தாமே விளங்கும்.

மயங்கிய பிள்ளையை ஒரு கடைக்காரர் தம் தாழ்வாரத்திற் கிடத்தி, முகத்தில் நீர் தெளித்தார். அவ்விடத்தில் அந்நேரம் இருந்த நிழல் அஃதொன்றே.