ஊசி பிடிக்கும் கை: கால்நடை மருத்துவச் சட்டங்களும் நம் ஊராட்சிகளும்

செஞ்சியில் வெள்ளிக்கிழமைதோறும் கூடும் சந்தைக்குச் சுற்றுப்புறக் கிராமங்களிலிருந்தும் அப்பாலிருந்தும் ஆடுகள் வந்து சேருகின்றன. நெல்லும் மணிலாவும் பொய்த்த ஆண்டிலும் குடும்பத்தின் கையில் நாலு காசு தங்குமாறு செய்பவை இவ்வாடுகளும், கொட்டகையில் கட்டிய கறவை மாடுகளுமேயாம். ஆயினும், நோயுற்ற மாட்டிற்கு ஊசி போட வருபவர் யார், அவருக்கு அந்த உரிமை உண்டா என்று கேட்பவர் நம்மிடையே மிகச் சிலரே. இது பற்றிய சட்டங்கள் அண்மைக் காலத்தில் பெரிதும் வளர்ந்துள்ளன. நாம் மருத்துவரல்லர், எனினும் ஊராட்சி உறுப்பினர்களும் உழவர் பெருமக்களும் அறிய வேண்டியவற்றை இங்கே எடுத்துரைக்க விரும்புகிறோம்.

1984-ஆம் ஆண்டின் இந்தியக் கால்நடை மருத்துவ மன்றச் சட்டம் அடிப்படையானது. கால்நடை மருத்துவப் பட்டம் பெற்று, மன்றத்தின் பதிவேட்டில் பெயர் பதிந்தவரே கால்நடை மருத்துவம் செய்யலாம் என்பது இதன் சாரம். அப்படியானால் நம் ஊருக்கு வரும் கால்நடை ஆய்வாளரின் நிலை என்ன? அவருக்கும் சட்டம் இடம் வைத்திருக்கிறது. தடுப்பூசி போடுதல், காயடித்தல், புண்ணுக்கு மருந்திட்டுக் கட்டுதல் போன்ற சிறு பணிகளை, மாநில அரசின் ஆணைப்படி, பதிவு பெற்ற மருத்துவரின் மேற்பார்வையில் உரிய பயிற்சி பெற்றோர் செய்யலாம். அதற்கு மேற்பட்ட சிகிச்சைக்கு மருத்துவர் வேண்டும். கால்நடைகளுக்கான உடல்நலச் சான்றிதழில் கையொப்பமிடும் உரிமையும் பதிவு பெற்றவருக்கே உரியது. காப்பீடு செய்த மாடு இறந்தபின் தகுதியற்றவரின் சீட்டைக் கொண்டு இழப்பீடு கேட்போர், கறவையையும் இழந்து பணத்தையும் இழக்க நேரிடும்.

மனித மருத்துவத்திலும் நிலை இதுவே. 1956-ஆம் ஆண்டின் பழைய மருத்துவ மன்றச் சட்டத்திற்குப் பதிலாக 2019-இல் தேசிய மருத்துவ ஆணையச் சட்டம் வந்தது. பதிவின்றி மருத்துவம் செய்வோருக்கு ஓராண்டு வரை சிறையோ, ஐந்து இலட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்க அது வகை செய்கிறது.

உழவர்க்கு அன்றாடம் தொல்லை தருவது மருந்தைப் பற்றிய விதிகளேயாகும். மடிநோய்க்கு ஊசி போட்ட மாட்டின் பாலில் மருந்து சில நாட்கள் தங்குகிறது. அப்பாலை உறையிட்டால் தயிர் சரியாகத் தோயாது. தயிரை உண்டாக்கும் நுண்ணுயிர்களையும் அம்மருந்து கொன்றுவிடுவதே காரணம். ஒரு மாட்டின் பால் சங்கத்தின் கேனில் கலந்தால், ஊரார் பால் முழுவதும் கெடும். குழந்தைகள் அறியாமல் மருந்தை உட்கொள்வது அதனினும் தீது. நாளை அக்குழந்தைக்கே அம்மருந்து தேவைப்படும்போது பயனற்றுப் போகவும் கூடும். ஆகவே 2012-இல் ஒரு விதி சேர்க்கப்பட்டது. மருந்துக்குப்பின் எத்தனை நாள் பாலையும் இறைச்சியையும் விலக்க வேண்டும் என்பதைச் சீட்டில் அச்சிட வேண்டும். அவ்வாறு ஆராய்ந்து வரையறுக்கப்படாத மருந்தாயின், பாலுக்கும் முட்டைக்கும் 7 நாட்களுக்கும், இறைச்சிக்கு 28 நாட்களுக்கும் குறையாத காலம் வேண்டும். ஏழு நாள் பாலைக் கீழே ஊற்றுவது எளிய குடும்பத்திற்குச் சிறு இழப்பன்று என்பதை நாம் உணர்கிறோம். ஆனால் நாள்கணக்கை உரியவரிடம் கேட்டறியாமல் ஊசி போட்டுக்கொள்வது, இழப்பை அண்டை வீட்டார் தலையில் ஏற்றுவதாகும்.

சில மருந்துகள் முற்றிலும் விலக்கப்பட்டுவிட்டன. கோலிஸ்டின் மருந்தை 2019-இலும், குளோரம்பெனிக்கால், நைட்ரோபியூரான் வகைகளை 2025-இலும் உணவுக்காக வளர்க்கும் உயிரினங்களில் பயன்படுத்தாதவாறு மத்திய அரசு தடுத்தது. டைக்ளோபினாக்கின் கதை இன்னும் நெடியது. வலி நீக்க மாட்டிற்கு இதனைப் போட்டனர். இறந்த மாட்டைத் தின்ற பாறுகள் சிறுநீரகம் கெட்டு மாண்டன. நாட்டில் பாறுகள் ஏறத்தாழ ஒழிந்தே போயின. 2006-இல் கால்நடைகளுக்கு அது தடுக்கப்பட்டும், மனிதர்க்கென விற்ற பெரிய புட்டிகளை வாங்கி மாட்டிற்குப் போடலாயினர். எனவே 2015-இல் 3 மில்லிலிட்டர் அளவிற்கு மேற்பட்ட புட்டிகளும் நிறுத்தப்பட்டன. கீட்டோபுரோபென், அசிக்ளோபினாக் ஆகியவை 2023-இல் விலக்கப்பட்டன. பறவைக்காக இவ்வளவு பாடா என்று ஊர்க் கூட்டங்களில் கேட்பதுண்டு. பிணத்தைத் தின்னும் பறவை ஒழிந்ததால் 2000 முதல் 2005 வரை ஏறக்குறைய ஐந்து இலட்சம் மனித உயிர்கள் கூடுதலாகப் போயின என்று 2024-இல் வெளியான பொருளாதார ஆய்வொன்று மதிப்பிட்டுள்ளது. பாறுகளுக்குத் தீங்கற்ற மெலாக்சிகாம் என்னும் மருந்து கிடைக்கவே செய்கிறது.

இனி ஊராட்சியின் கடமைக்கு வருவோம். 2009-ஆம் ஆண்டின் கால்நடைத் தொற்றுநோய்ச் சட்டத்தைப் பல உறுப்பினர்கள் படித்ததேயில்லை. கோமாரி, ஆட்டுக்கொல்லி, அடைப்பான் போன்ற பட்டியலிட்ட நோய் இருப்பதாகக் கருத இடமிருந்தால், உடையவர் கிராம அலுவலரிடமோ ஊராட்சிப் பொறுப்பாளரிடமோ தெரிவிக்க வேண்டும். அவர் அருகிலுள்ள கால்நடை மருத்துவருக்கு எழுத்து மூலம் அறிவிக்கலாம். நோயுற்றதைத் தனியே கட்டி, பொது மேய்ச்சலுக்கும் பொதுக் குளத்திற்கும் விடலாகாது. நோய்கண்ட ஏனைய கால்நடைகளைப் பிரித்து வைப்பது ஊராட்சியின் வேலை. ஒரு பகுதி கட்டுப்பாட்டுப் பகுதியாக அறிவிக்கப்பட்டால் அங்கே சந்தையும் கூடலாகாது. ‘சொன்னால் சந்தை நின்றுவிடும்’ என்று மறைப்பதால்தான் நோய் சந்தை வழியே ஊர் ஊராகப் போகிறது.

அடைப்பானால் இறந்ததென ஐயுற்ற மாட்டை அறுக்கவோ தோலுரிக்கவோ எவரையும் விடாதீர்கள். அந்நோயின் வித்து மண்ணில் பல ஆண்டுகள் உயிரோடிருந்து மனிதரையும் பற்றும். 1962 என்ற எண்ணில் நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தியை அழைக்கலாம். மருத்துவர் வந்து சொல்லும் முறைப்படி, நீர்நிலைக்கு அப்பால் ஆழக் குழிதோண்டிச் சுண்ணாம்பிட்டுப் புதைக்க வேண்டும். அதற்கேற்ற இடத்தை ஊராட்சி மன்றம் முன்னதாகவே தீர்மானித்து வைத்திருத்தல் நலம்.