முகாம் பட்டியலில் நம்ம பிள்ளை எங்கே?



2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோது மாத்தளை மாவட்டத்திலும் மலை சரிந்தது, பாதைகள் அறுபட்டன. லக்கல போல நக்கிள்ஸ் மலைப்பக்கம் இருக்கிறவர்களுக்கு மழை என்றாலே நெஞ்சு பதறும். லயத்தை விட்டுப் பள்ளிக்கூடத்துக்கோ கோயிலுக்கோ போய்ச் சேர்ந்தால் முதலில் நடப்பது பெயர் எழுதுவதுதான். அரிசி, பால்மா, பாய் எல்லாம் அந்தக் கணக்குப்படியே வரும்.

அந்தக் கணக்கில் குறைபாடுள்ள பிள்ளையின் பெயர் இருக்கும். ஆனால் அதற்கு என்ன தேவை என்பது இருக்காது. எழுத வருகிறவர், "ஊனமான பிள்ளை யாரும் இருக்கா?" என்று எல்லார் முன்னாலும் கேட்பார். "இல்லீங்க ஐயா" என்பாள் தாய். அவள் பொய் சொல்லவில்லை. காது மந்தமான பிள்ளையை, வலிப்பு வருகிற பிள்ளையை அவள் ஊனம் என்று நினைப்பதில்லை. அக்காவுக்கு வரன் பார்க்கிற நேரமென்றால் வாயே திறக்கமாட்டாள்.

இதனால்தான் கேள்வியையே மாற்றினார்கள். 2016இல் யுனிசெப்பும் வாஷிங்டன் குழு என்ற புள்ளிவிபரக் குழுவும் சேர்ந்து, 2 முதல் 4 வயதுக்கு ஒன்றும் 5 முதல் 17 வயதுக்கு ஒன்றுமாகக் கேள்விகள் வெளியிட்டன. தாயிடம் அல்லது வளர்க்கிறவரிடம் கேட்பது. ஊனம் என்ற பேச்சே இல்லை. பிள்ளைக்குப் பார்க்கக் கஷ்டமா, கேட்கக் கஷ்டமா, நடக்க, பேச, படிக்க, விளையாடக் கஷ்டமா? பதில் நாலு: கஷ்டமில்லை, கொஞ்சம் கஷ்டம், ரொம்பக் கஷ்டம், முடியவே முடியாது. ரொம்பக் கஷ்டம், முடியாது என்றால் கணக்கில் சேரும். பெரிய பிள்ளைகளிடம் பயம், கவலை பற்றியும் கேள்வி உண்டு. மண்சரிவைப் பார்த்த பிள்ளைக்கு அது தேவைதான்.

நம் நாட்டில் 2012 குடிசன மதிப்பீட்டில் இதே மாதிரி கேட்டபோது 16 இலட்சம் பேர், அதாவது 100க்குக் கிட்டத்தட்ட 9 பேர், ஏதோவொரு கஷ்டம் இருப்பதாகச் சொன்னார்கள். ஆனால் 5 வயதுக்கு மேற்பட்டவர்களைப் பற்றித்தான் கேட்டார்கள். பிள்ளைக்காம்பராவில் இருக்கிற வயது அதில் வரவேயில்லை.

2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் புதைந்தபோது, காணாமற்போனவர் எத்தனை பேர் என்று முதல் நாட்களில் ஆளுக்கொரு எண்ணிக்கை சொன்னார்கள். ஆகவே மழைக்கு முந்தியே பட்டியல் இருக்க வேண்டும், ஒரு பிரதி தோட்டத்துக்கு வெளியிலும் இருக்க வேண்டும்.

கிராம உத்தியோகத்தரிடமும் குடும்ப நல மாதுவிடமும் இப்போதே சொல்லி வையுங்கள். பெயர், வயது, என்ன கஷ்டம், என்ன மருந்து, இரவில் யார் தூக்கிப் போவது என்பதெல்லாம் எழுதப்பட வேண்டும். கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் சிவப்பு எச்சரிக்கை வந்தால் எல்லாரும் வெளியேற வேண்டும். நடக்க முடியாத பிள்ளையை அதற்கு முந்திய செம்மஞ்சள் எச்சரிக்கையிலேயே கொண்டுபோய் விடுங்கள். காது கேளாத பிள்ளை தனியாகத் தூங்கக் கூடாது.

"எத்தனையோ பேர் எழுதிக்கிட்டுப் போனாங்க, ஒண்ணும் வரல" என்பீர்கள். நியாயம்தான். எழுத வருகிறவர் யார், இது எங்கே போகும் என்று கேளுங்கள். தனியாகக் கூப்பிட்டுக் கேட்கச் சொல்லுங்கள். படம் எடுக்க வேண்டாம் என்றும் சொல்லலாம். 2016இல் இலங்கை ஏற்றுக்கொண்ட ஐ.நா. உடன்படிக்கை ஆபத்து நேரத்தில் பாதுகாப்பையும், எடுக்கிற தகவலில் இரகசியத்தையும் உங்கள் பிள்ளையின் உரிமையாகச் சொல்கிறது.

படிவம் சிங்களத்தில் இருந்தால் தமிழில் வாசித்துக் காட்டச் சொல்லி, விளங்கிய பிறகு கையெழுத்து வையுங்கள். கிளினிக் அட்டையின் பிரதியைப் பொலித்தீன் பையில் போட்டு, அவசரத்துக்கு எடுக்கிற பையிலேயே வையுங்கள்.