ஏரியும் ஆலையும்

தமிழகத்தின் வடகோடியில், ஆந்திர மாநிலத்தோடு எல்லையைப் பகிர்ந்துகொண்டு பழவேற்காட்டு ஏரி பரந்து கிடக்கின்றது. இந்திய உவர்நீர் ஏரிகளுள் சிலிகாவுக்கு அடுத்தபடி பெரியது இதுவே. இதனை நம்பி வாழும் மீனவச் சிற்றூர்களுள் ஒன்று பசியாவரம். அவ்வூரார்க்கு நீரே வயல், வலையே ஏர். கடலில் பொரித்த இறாற்குஞ்சுகள் முகத்துவாரத்தின் வழியே ஏரியுட் புகுந்து, அங்கே வளர்ந்து, பின்னர்க் கடலுக்கே மீளும். ஆதலின் ஏரிநீர் கெடுமாயின் கடலின் வளமும் குன்றும்.

இவ்வேரி மீனவரிடையே ‘பாடு’ என்னும் பழைய முறை ஒன்று உண்டு. இறால் மிகுதியாகக் கிடைக்கும் இடங்களில் எவர் எந்நாளில் வலை கட்டுவது என்பதை, அம்முறைக்கு உட்பட்ட ஊர்களின் தலைக்கட்டுகள் தமக்குள் முறைவைத்துப் பங்கிட்டுக்கொள்வர். வலியவன் ஒருவனே அனைத்தையும் வாரிக்கொள்ள இதில் இடமில்லை. ஏட்டறிவு மிகுதியாக இல்லாத முன்னோர் வகுத்த முறை இஃது என்பது எண்ணி வியக்கத்தக்கது.

ஏரியின் தென்புறத்தைப் பக்கிங்காம் கால்வாய் எண்ணூர்க் கழிமுகத்தோடு இணைக்கின்றது. அங்கே அனல் மின் நிலையங்களும் வேதிப்பொருள் ஆலைகளும் நிறைந்துள்ளன. ஆலை என்றாலே தீது என்று கொள்ளுதல் பொருந்தாது. கோரமண்டல் இண்டர்நேஷனல் என்னும் நிறுவனத்தின் ஆலை அங்கே உரம் செய்கின்றது. அவ்வுரம் வயலிற் சென்று நெல்லாகின்றது. உண்பார் கலத்தில் சோறாகின்றது. உரத்துக்கு வேண்டிய அம்மோனியாவைக் கப்பலிலிருந்து கடலடிக் குழாய் வழியே ஆலைக்குக் கொண்டுவருவர்.

2023 டிசம்பர் 26ஆம் நாள் நள்ளிரவில், அக்குழாயைக் குளிர்விக்கும் வேலை நடந்தபொழுது வாயு கசிந்தது. கண் எரிந்தது; மூச்சுத் திணறியது. பெரியகுப்பம் முதலிய மீனவ ஊர்களின் மக்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு இருளில் ஓடினர். பலர் மருத்துவமனையிற் சேர்க்கப்பட்டனர். அரசு ஆலையின் இயக்கத்தை நிறுத்தியது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தானாகவே வழக்கை மேற்கொண்டு, உரிய துறைகளின் இசைவைப் பெற்ற பின்னரே ஆலை மீண்டும் இயங்கலாம் என்று 2024 மே மாதத்தில் ஆணையிட்டது.

ஆலைகள் அயலார்க்குக் கடமைப்பட்டவை என்பதை நம் நாட்டுச் சட்டமும் ஏற்றுள்ளது. 2013ஆம் ஆண்டின் நிறுவனங்கள் சட்டப்படி, ஆண்டுக்கு ஐந்து கோடி ரூபாயோ அதற்கு மேலோ நிகர இலாபம் ஈட்டும் நிறுவனம், முந்திய மூன்றாண்டுச் சராசரி இலாபத்தில் இரண்டு விழுக்காட்டைச் சமூக நலத்துக்குச் செலவிடல் வேண்டும். தான் இயங்கும் வட்டாரத்துக்கு முதன்மை தருதலும் வேண்டும். அத்தொகையால் பள்ளி எழலாம். மருத்துவ முகாம் நடக்கலாம். ஆயின் இதில் பலர் கவனியாத நுட்பம் ஒன்று உண்டு. பிற சட்டங்கள் விதித்த கடமையை நிறைவேற்றும் செலவு இக்கணக்கில் ஏறாது. கழிவுநீரைத் தூய்மை செய்தலும், குழாயைப் பழுதின்றிக் காத்தலும் கொடை அல்ல. தொழிலின் அடிப்படைக் கடமை. ஊரார்க்குப் படகு வழங்கியமை காட்டி, அப்படகு மிதக்கும் நீரைக் கெடுத்த குற்றத்திலிருந்து எந்நிறுவனமும் தப்பிவிட முடியாது.