திருச்சிப் பட்டறைக்கு எந்தக் கேட் மென்பொருள்?

திருவெறும்பூரில் பாரத மிகுமின் நிறுவனத்தின் உயரழுத்தக் கொதிகலன் ஆலை 1965-இல் உற்பத்தியைத் தொடங்கிய பின், அதற்குப் பாகங்கள் செய்து தரும் ஃபேப்ரிகேஷன் பட்டறைகள் துவாக்குடி வட்டாரத்தில் பெருகின. இத்தொழிலில் தகட்டை வெட்டுவதற்கு முன்பே வரைபடம் வேண்டும். ஒரு காலத்தில் வரைபலகையில் நடந்த அவ்வேலை, இன்று ‘கேட்’ எனப்படும் கணினிவழி வடிவமைப்பு மென்பொருளில் நடக்கிறது. மணப்பாறையைத் தாண்டித் திண்டுக்கல் சாலையில் உள்ள வையம்பட்டி போன்ற ஊர்களிலிருந்து ஐடிஐ அல்லது பாலிடெக்னிக் முடித்து வரும் இளைஞருக்கு எதைக் கற்பது என்பதும், சிறு பட்டறை நடத்துபவருக்கு எதை வாங்குவது என்பதும் பணத்தோடும் பிழைப்போடும் நேரடியாகத் தொடர்புடைய கேள்விகள்.

ஆட்டோடெஸ்க் நிறுவனம் 1982-இல் வெளியிட்ட ஆட்டோகேட், மேசைக் கணினியிலேயே பொறியியல் வரைபடம் தயாரிக்க வழிசெய்து, நாளடைவில் தொழிலின் பொதுமொழியாக மாறியது. ஒருமுறை விலை கொடுத்து வாங்கி ஆண்டுக்கணக்கில் பயன்படுத்தும் உரிமத்தை அந்நிறுவனம் 2016-இல் பெரும்பாலும் கைவிட்டுச் சந்தா முறைக்கு மாறியதால், மென்பொருள் செலவு என்பது ஒவ்வோர் ஆண்டும் திரும்பி வரும் செலவாகிவிட்டது. மறுபுறம், இருபரிமாண வரைபடத்துக்கான லிப்ரேகேட், முப்பரிமாண மாதிரிக்கான ஃப்ரீகேட் ஆகியவை கட்டணமின்றிக் கிடைக்கும் திறந்தமூல மென்பொருள்கள். இவ்விரு எல்லைகளுக்கும் நடுவில், ஆட்டோகேடைப் போலவே இயங்கி அதைவிடக் குறைந்த விலைக்குக் கிடைக்கும் பிரிக்ஸ்கேட், இசட்டபிள்யூகேட் போன்றவையும் உள்ளன.

பட்டறையில் அன்றாடம் வரும் ஒரு கசெட் பிளேட்டை, அதாவது எஃகுக் கம்பங்களும் தாங்கிகளும் கூடும் இடத்தில் வைக்கும் இணைப்புத் தகட்டை, எடுத்துக்கொள்ளலாம். 20 மி.மீ. போல்ட்டுக்கு 22 மி.மீ. துளை வேண்டும், துளைகளின் மையங்களுக்கிடையே குறைந்தது 50 மி.மீ. இருக்க வேண்டும், இயந்திரத்தால் வெட்டிய விளிம்பு எனில் துளையின் மையம் விளிம்பிலிருந்து குறைந்தது 33 மி.மீ., கையால் வெட்டிய விளிம்பு எனில் 37.4 மி.மீ. தள்ளியிருக்க வேண்டும் என்பவை இந்திய எஃகுக் கட்டுமான விதித்தொகுப்பான ஐஎஸ் 800:2007 தரும் அளவுகள். இத்தகட்டை லிப்ரேகேடில் வரைந்து, வெட்டும் இயந்திரங்கள் படிக்கக்கூடிய டிஎக்ஸ்எஃப் கோப்பாகக் கொடுத்தாலும், ஆட்டோகேடில் வரைந்து கொடுத்தாலும், வெட்டி வரும் தகடு ஒன்றுதான். கோப்பில் உள்ள எண்களை மறுமுனையில் அங்குலம் எனப் படித்துவிட்டால் அளவு 25.4 மடங்காகிவிடும் என்பதால், வெட்டுவதற்கு முன் தெரிந்த ஓர் அளவை இயந்திரத்தின் திரையில் அளந்து பார்ப்பது எந்த மென்பொருளுக்கும் பொருந்தும் எச்சரிக்கை.

விலையின் பயன் தெரிவது பெரிய வேலைகளில்தான். ஆயிரக்கணக்கான பாகங்கள் கொண்ட ஒரு கட்டமைப்பில் ஒரு தூணின் அளவு மாறினால், அதைச் சார்ந்த இணைப்புகளும் தனிப்பாக வரைபடங்களும் பொருட்பட்டியலும் பிழையின்றி உடன் மாற வேண்டும். எஃகுக் கட்டுமானத்துக்கான டெக்லா, இயந்திரப் பாகங்களுக்கான சாலிட்வொர்க்ஸ் போன்றவற்றுக்குப் பணம் கொடுப்பது இந்த உறுதிக்காகவே. ஃப்ரீகேடில், முன்பு வரைந்த ஓர் அளவைத் திருத்தினால் அதன்மேல் கட்டிய பின்வேலைகள் குலையும் குறை நெடுங்காலம் இருந்தது. 2024 நவம்பரில் வந்த 1.0 பதிப்பு அதைப் பெருமளவு சரிசெய்துள்ளது என்றாலும், மிகப் பெரிய தொகுப்புகளில் வணிக மென்பொருள்களின் வேகம் அதற்கு இன்னும் கைகூடவில்லை. மேலும், ஆட்டோகேடின் சொந்தக் கோப்பு வடிவமான டிடபிள்யூஜியை இலவச மென்பொருள்கள் எப்போதும் முழுமையாகப் படிப்பதில்லை என்பதால், வாடிக்கையாளர் அவ்வடிவத்தையே கேட்கும் இடத்தில் அதைப் பிழையின்றிக் கையாளும் மென்பொருளை வாங்குவதே சரி.

விலைக்கு அஞ்சித் திருட்டுப் பிரதியை நாடுவது தீர்வாகாது. பதிப்புரிமைச் சட்டத்தின் 63பி பிரிவு, அறிந்தே அதைப் பயன்படுத்துபவருக்கு 7 நாள் முதல் 3 ஆண்டு வரை சிறையும் ரூ.50,000 முதல் ரூ.2 லட்சம் வரை அபராதமும் விதிக்க இடமளிக்கிறது. மாணவர்க்கு இலவசமாக வழங்கப்படும் கல்வி உரிமத்தைக் கூலி வேலைக்குப் பயன்படுத்துவதும் உரிம மீறலே.

நேர்மையான மாற்றுவழிகள் நம் நாட்டிலேயே உள்ளன. மும்பை ஐஐடி உருவாக்கிய ஆஸ்டாக் என்னும் இலவச மென்பொருள், எஃகு இணைப்புகளை ஐஎஸ் 800 விதிப்படி கணக்கிட்டு முப்பரிமாணத்தில் காட்டுகிறது. அதே நிறுவனத்தின் ஸ்போக்கன் டுடோரியல் திட்டம் பல திறந்தமூல மென்பொருள்களுக்குத் தமிழிலும் பாடங்கள் தருகிறது.

ஆகவே, தகடு வெட்டும் சிறு பட்டறை இலவச மென்பொருளில் தொடங்கி, வாடிக்கையாளரின் தேவை உயரும்போது சந்தாவுக்குச் செல்வதே அறிவுடைமை. ஐடிஐகளும் பாலிடெக்னிக்குகளும் ஆட்டோகேடுடன் ஒரு திறந்தமூல மென்பொருளையும் கற்பிக்க வேண்டும். மாணவரும் ஒரு நிறுவனத்தின் பட்டன்களை மனப்பாடம் செய்வதோடு நில்லாமல், தோற்றப்படங்களை வாசிக்கவும் அளவு குறிக்கவும் முதலில் தேர்ச்சி பெற வேண்டும், ஏனெனில் அத்தேர்ச்சி எந்த மென்பொருளிலும் கைகொடுக்கும்.