கொல்லிமலையும் கல்லூரித் தடகளமும்

கல்லூரித் தடகள அணிக்கு மாணவர்களைத் தேர்ந்தெடுப்பது, விளையாட்டுத் திறனுக்கென இடம் வழங்கும் விளையாட்டு ஒதுக்கீட்டில் ஏற்கெனவே பதக்கம் வென்றவர்களைச் சேர்ப்பதாக மட்டும் சுருங்கிவிடும்போது, நாமக்கல் மாவட்டக் கொல்லிமலையின் மலையாளிப் பழங்குடி மாணவர்கள் பயிற்சியாளர்களின் கண்ணில் படாமலே போக நேரிடுகிறது.

மலையில் வளர்ந்தவர்களுக்கு நெடுந்தொலைவு ஓட்டம் இயல்பாகவே கைகூடும் எனப் பலர் நம்பினாலும், உயிர்வளி அழுத்தக் குறைவால் இரத்தச் சிவப்பணுக்களைப் பெருக்கும் உயரப் பயிற்சி பெரும்பாலும் 2,000 மீட்டருக்கு மேல்தான் பலனளிக்கும் என்பதால், ஏறத்தாழ 1,000 முதல் 1,300 மீட்டர் உயரமுள்ள கொல்லிமலைக்கு அந்தச் சாதகம் குறைவு. 400 மீட்டர் ஓடுபாதைக்கு ஏறக்குறைய 177 மீட்டர் நீளமும் 93 மீட்டர் அகலமும் கொண்ட சமதளம் வேண்டும். அது மலைச்சரிவில் எளிதில் அமையாது. 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து நாள்தோறும் சமவெளிக்குச் சென்று பயிற்சி பெறுவதும் கடினம்.

இத்தடைகளைத் தாண்டும் வழியை மதுரை காட்டியிருக்கிறது. பெற்றோரை இழந்து பாட்டியிடம் வளர்ந்து, பள்ளிப் போட்டியில் வெறுங்காலுடன் ஓடிய ரேவதி வீரமணியைக் கண்டறிந்த பயிற்சியாளர் கண்ணன், தயங்கிய பாட்டியின் இசைவைப் பெற்று, லேடி டோக் கல்லூரியில் இடமும் விளையாட்டு விடுதியில் தங்குமிடமும் கிடைக்க உதவினார்; ரேவதி 2021இல் டோக்கியோ ஒலிம்பிக்கின் கலப்புத் தொடர் ஓட்டத்தில் இந்தியாவுக்காக ஓடினார். பயிற்சியாளர் பள்ளிகளைத் தேடிச் செல்வதும், குடும்பத்தின் நம்பிக்கையைப் பெறுவதும், விடுதியும் சத்துணவும் உறுதி செய்யப்படுவதுமே கொல்லிமலைக்கும் இன்றியமையாத் தேவைகளாகும்.