தார்ச்சாலை முடியும் இடத்தில் தாம்பரத்து எஸ்.யூ.வி.

பெருங்களத்தூரைத் தாண்டி ஜி.எஸ்.டி. சாலையில் தெற்கே போனால் மறைமலை நகர். 2013-ல் விற்பனைக்கு வந்த ஃபோர்டு இகோஸ்போர்ட் அங்கேதான் உருவானது. அங்கிருந்து அமெரிக்கா வரை கப்பலேறியது. இன்னும் சற்றுத் தெற்கே, மகிந்திரா வேர்ல்டு சிட்டி வளாகத்தில் இருக்கிறது மகிந்திராவின் ஆராய்ச்சி மையம். 2020-ல் வந்த புதிய தார் வடிவம் பெற்றது அங்கே. வண்டலூரில் மேற்கே திரும்பினால் ஒரகடம். ரெனோ டஸ்டர் 2012 முதல் அங்கே தயாரானது. நாட்டின் முக்கியமான மூன்று எஸ்.யூ.வி.க்களின் பிறப்பு, தாம்பரத்திலிருந்து ஒன்றரை மணி நேரச் சுற்றுக்குள் அடங்கிவிடுகிறது. டி.என்.11 எண் தாங்கிய எஸ்.யூ.வி.க்கள் கூரையில் கேரியரும் பெருத்த டயருமாக ஓடுவதில் வியப்பில்லை. ஆனால் வண்டியை இப்படி மாற்ற ஆகும் செலவில் பெரும்பகுதி தவறான இடத்தில் போய் விழுகிறது என்பதே என் வருத்தம்.

சின்ன எஸ்.யூ.வி. என்ற இந்த வகை பிறந்ததற்கே ஒரு வரிக் கணக்கு காரணம். 2006 மத்திய பட்ஜெட்டில் நான்கு மீட்டருக்குக் குறைவான நீளமும் சின்ன இன்ஜினும் கொண்ட கார்களுக்கு உற்பத்தி வரி 24 சதவீதத்திலிருந்து 16 ஆகக் குறைக்கப்பட்டது. அதன் பிறகு எல்லா நிறுவனங்களும் அந்த அளவுக்குள் வண்டியை அடக்கப் பார்த்தன. இகோஸ்போர்ட் அப்படித்தான் 3,999 மி.மீ. நீளத்தில் நின்றது. உயரமான உடல், பின்கதவில் ஸ்டெப்னி, 200 மி.மீ. தரை இடைவெளி என்று காட்டுக்குப் போகிற வண்டிக்குரிய அடையாளங்கள் எல்லாம் இருந்தன. ஆனால் இங்கே விற்ற இகோஸ்போர்ட்டில் இன்ஜின் முன்சக்கரங்கள் இரண்டை மட்டுமே சுழற்றியது.

முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: என் வண்டியில் எத்தனை சக்கரம் இழுக்கிறது? மாருதி ஜிம்னியும் தாரும் நீளத்தில் ஒன்றே, 3,985 மி.மீ. இரண்டுமே ஏணி போன்ற இரும்புச் சட்டத்தின் மேல் உட்கார்ந்தவை. நான்கு சக்கரத்துக்கும் விசை தரும் அமைப்போடு, ‘லோ ரேஞ்ச்’ என்ற கூடுதல் பல்சக்கர அடுக்கும் உண்டு. அதற்கான லீவரைத் தள்ளினால் வண்டி நடைவேகத்துக்கு இறங்கிவிடும். சக்கரத்தில் இழுவிசை வெகுவாகக் கூடும். ஆனால் தாரிலேயே பின்சக்கரம் மட்டும் இழுக்கும் மலிவான ரகம் 2023 ஜனவரியிலிருந்து விற்கிறது. பார்வைக்கு இரண்டும் ஏறக்குறைய ஒன்றே. பழைய வண்டி வாங்குவோர் கியருக்குப் பக்கத்தில் அந்த இரண்டாவது லீவர் இருக்கிறதா என்று பார்க்காமல் பேரம் பேசக் கூடாது. டஸ்டரின் ஆல் வீல் டிரைவ் ரகம் நடுவழி: லோ ரேஞ்ச் கிடையாது, அதற்குப் பதிலாக முதல் கியரையே குட்டையாக வைத்திருந்தார்கள். வயல்வெளிச் சேற்றுக்கும் மலைக் கிராமத்து மண்சாலைக்கும் அது தாராளமாகப் போதும்.

இரண்டு சக்கரம் மட்டும் இழுக்கும் வண்டி சேற்றில் சிக்குவது ஏன்? இழுக்கும் சக்கரங்களில் ஒன்று பிடிப்பை இழந்தால், இடையிலுள்ள டிஃபரன்ஷியல் எளிதாகச் சுழலும் சக்கரத்துக்கே சுழற்சியை அனுப்பிவிடும். வழுக்கும் சக்கரம் வெறுமனே சுற்றும், பிடிப்புள்ள சக்கரம் சும்மா நிற்கும். வண்டியை எவ்வளவு உயர்த்திக் கட்டினாலும் இது மாறாது. வண்டியை உயர்த்தும் லிஃப்ட் கிட்டுக்குக் காசு கொடுப்பவர்கள் கவனிக்காமல் விடுவது இதைத்தான்.

இகோஸ்போர்ட் போன்ற முன்சக்கர வண்டியை ஸ்பிரிங்குக்கு மேல் கட்டை வைத்து உயர்த்தினால், சக்கரத்துக்கு விசை கொண்டுபோகும் ஆக்சில் சாய்வாக நிற்கும். அதன் முனையிலுள்ள ரப்பர் உறை கிழியும், கிரீஸ் வழியும், மணல் புகும். பிறகு ஸ்டீயரிங்கைத் திருப்பும்போதெல்லாம் ‘டக் டக்’ சத்தம். எடை மையம் மேலே போவதால் கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் உடல் கூடுதலாகச் சாயும்.

பெரிய டயருக்கும் ஒரு கணக்கு உண்டு. ஜிம்னியின் டயர் 195/80 ஆர்15. குறுக்களவு 693 மி.மீ. அதைக் கழற்றி 235/75 ஆர்15 போட்டால் 733 மி.மீ. ஆகும். ஆனால் ஆக்சில் உயர்வது அதில் பாதி, 20 மி.மீ. மட்டுமே. அதற்கு விலையாக, ஸ்பீடோமீட்டர் 80 காட்டும்போது வண்டி உண்மையில் 85-ஐ ஒட்டி ஓடும். இன்ஜின் தடுமாறும், பிரேக் பிடிக்கும் தூரம் கூடும். அதே அளவிலேயே ‘ஏ.டி.’ எனப்படும் எல்லாத் தரைக்குமான டயரைப் போடுவது இதைவிட மேல். பக்கச்சுவர் தடிமனாக இருப்பதால் கருங்கல் சில்லில் எளிதில் கிழியாது. சேற்றுக்கென்றே செய்த ‘எம்.டி.’ டயர் ஈரத் தார்ச்சாலையில் வழுக்கும்; வாரத்தில் ஆறு நாள் வேளச்சேரி போய்வருபவருக்கு அது வேண்டாம்.

டயரை மாற்றுவதற்கும் முன்னால், காற்றைக் குறைக்கக் கற்றுக்கொள்ளுங்கள். ஒரு பைசா செலவில்லாத இந்த வித்தை மணலில் செய்யும் வேலையைக் கண்ணால் பார்த்தால்தான் நம்ப முடியும். சாலையில் 30 பி.எஸ்.ஐ.க்கு மேல் இருக்கும் டயரை 18-க்கு இறக்கினால், தரையில் பதியும் பகுதி நீண்டு, வண்டி மணலைத் தோண்டாமல் அதன் மேல் மிதந்து போகும். திரும்பத் தார்ச்சாலை ஏறும் முன் மறக்காமல் காற்றடித்துவிட வேண்டும்; காற்று குறைந்த டயர் வேகத்தில் சூடேறி வெடிக்கும். ஆகவே முதல் செலவு பேட்டரியில் ஓடும் ஒரு நல்ல ஏர் பம்ப். இரண்டாவது, இழுக்கும் பட்டையும் வண்டியின் சட்டத்தோடு உறுதியாக இணைந்த கொக்கியும். மூன்றாவது, இன்ஜினுக்கு அடியில் ஒரு கனத்த தகடு. ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டுக் கடைகளில் மினுக்கும் மற்ற சாமான்களை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

சட்டம் என்ன சொல்கிறது? மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் குறித்தவற்றிலிருந்து மாறுபடும்படி வண்டியைத் திருத்தக் கூடாது என்கிறது. கேரளத்திலிருந்து வந்த வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் இதை அழுத்தமாக உறுதிசெய்தது. அதே ஆண்டு வந்த சட்டத் திருத்தம், அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டுமே என்றது. முன்பம்பரில் மாட்டும் இரும்பு கிராஷ் கார்டு கூடாது என்று மத்திய அமைச்சகம் 2017 டிசம்பரிலேயே மாநிலங்களுக்கு எழுதிவிட்டது. மோதும்போது நசுங்கி விசையை வாங்க வேண்டிய முன்பகுதியை அந்தக் கம்பி நசுங்கவிடாது. நடந்து போகிறவர் மீது இடித்தால் காயமும் மோசமாகும். விஷயம் போலீஸ் பிடிப்பார்களா என்ற கேள்வியோடு முடிவதில்லை. விபத்துக்குப் பிறகு வரும் காப்பீட்டு ஆய்வாளர் முதலில் பார்ப்பது, பதிவுச் சான்றில் இல்லாத மாற்றம் வண்டியில் உண்டா என்பதை. தயாரிப்பாளரே அந்த மாடலுக்கு விற்கும் துணைப் பாகங்களைப் போட்டு, பில்லை வைத்துக்கொண்டு, காப்பீட்டு நிறுவனத்துக்கும் தெரிவித்துவிடுங்கள்.

தென்சென்னைப் புறநகரில் வண்டி சாலையை விட்டு இறங்குவதைவிட, சாலை தண்ணீருக்குள் இறங்குவதே அதிகம். 2015 டிசம்பர் 2-ம் தேதி காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை கொட்டியது. முடிச்சூரும் வரதராஜபுரமும் அடையாற்று வெள்ளத்தில் மூழ்கின. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வேளச்சேரியும் பள்ளிக்கரணையும் பட்ட பாட்டுக்குப் பிறகு, மழை எச்சரிக்கை வந்தாலே மக்கள் மேம்பாலத்தில் கார்களை வரிசையாக நிறுத்துகிறார்கள். உயரமான வண்டி இருக்கிறதே என்ற தைரியத்தில் தெருவுக்குள் இறங்குகிறவர்களை நினைத்தால்தான் எனக்குப் பயம்.

இன்ஜின் மூச்சிழுக்கும் குழாயின் வாய் எந்த உயரத்தில் இருக்கிறதோ அதுதான் தண்ணீருக்கு எல்லை. தார் 650 மி.மீ. வரை தண்ணீரில் போகும் என்பது அதன் தயாரிப்பாளர் கொடுக்கும் அளவு. அதுவும் அலை எழுப்பாமல் நடைவேகத்தில் போனால். காற்றைப் போலத் தண்ணீர் சுருங்காது. சிலிண்டருக்குள் புகுந்தால் மேலேறும் பிஸ்டன் அதில் முட்டி, கனெக்டிங் ராடு வளைந்துவிடும். வண்டி தண்ணீரில் நின்றுபோனால் மறுபடி சாவியைத் திருப்பாதீர்கள். அப்படித் திருப்பியதால் வந்த சேதத்தைச் சாதாரணக் காப்பீடு பெரும்பாலும் ஏற்காது. இன்ஜின் பாதுகாப்பு என்ற தனிச் சேர்க்கை வேண்டும்.

அந்தக் குழாயின் வாயைக் கூரை வரை உயர்த்தும் ஸ்நார்க்கல் போட்டவர்களுக்கும் ஒரு மனக்கணக்கு. ஜிம்னியின் எடை சுமார் 1,200 கிலோ. அடிப்பரப்பை ஐந்து சதுர மீட்டர் என்று வைத்தால், தளத்துக்கு மேல் ஏறும் ஒவ்வொரு 10 செ.மீ. தண்ணீரும் வண்டியை 500 கிலோ விசையோடு மேலே தள்ளும். கதவிடுக்கு வழியே நீர் உள்ளே நிறையும் வரை சக்கரங்கள் பிடிப்பிழந்து நிற்கும். ஓடும் வெள்ளத்தில் அந்தச் சில நிமிடமே அடித்துக்கொண்டு போகப் போதும். நான்கு சக்கரமும் இழுத்து அங்கே பயனில்லை.

சரி, எங்கேதான் ஓட்டுவது? வண்டலூர், நன்மங்கலம் காப்புக்காடுகளில் அனுமதியின்றி நுழைவது குற்றம். பழைய செங்கல்பட்டு மாவட்டத்துக்கு ஏரி மாவட்டம் என்றே பெயர். அந்த ஏரிக்கரைகளில் வண்டி ஏற்றி இறக்கி விளையாடுவதைப் பார்க்கும்போது மனம் பதறுகிறது. டயர் தடத்தில் மழைநீர் ஓடையாக இறங்கும், கரை அரிக்கும், ஐப்பசியில் அந்த இடத்தில்தான் உடையும். நீலாங்கரைக் கடற்கரைப் பக்கமும் வேண்டாம். ஜனவரி முதல் ஏப்ரல் வரை பங்குனி ஆமைகள் அந்த மணலில் முட்டையிடுகின்றன. 1988 முதல் மாணவர்கள் இரவிரவாக நடந்து அந்த முட்டைகளைக் காத்து வருகிறார்கள். சக்கரம் அழுத்திய மணலைத் துளைத்துக் குஞ்சு வெளியே வர முடியாது.

ஜவ்வாது மலையில் ஜமுனாமரத்தூரைச் சுற்றியுள்ள கிராமங்களுக்குப் போகும் பொதுச்சாலைகள் இருக்கின்றன. தார் பெயர்ந்து, சில இடங்களில் செம்மண்ணும் சரளையுமாகக் கிடக்கும். அங்கே குறைந்த காற்றோடு இரண்டாம் கியரில் ஏறிப் பழகலாம். இரண்டு வண்டியாகப் போனால் ஒன்று சிக்கினாலும் இன்னொன்று இழுக்கும். எதிரே மாட்டுவண்டி வந்தால் ஒதுங்க வேண்டியது நாம்தான், அது அவர்கள் ஊர்ச்சாலை.

2022-ல் மறைமலை நகரிலிருந்து கடைசி இகோஸ்போர்ட் வெளியே வந்தது. இன்னும் நிறைய வண்டிகள் நம் தெருக்களில் நல்ல நிலையில் ஓடுகின்றன. அவற்றை வைத்திருப்பவர்கள் இந்த ஞாயிற்றுக்கிழமை பானெட்டைத் திறந்து, காற்றுக் குழாயின் வாய் தரையிலிருந்து எத்தனை செ.மீ. என்று டேப் வைத்து அளக்கட்டும். அதற்கு ஒரு சாண் கீழே, முன்சக்கரத்துக்குப் பக்கத்தில், பெயின்டால் ஒரு கோடு போட்டுவிடுங்கள். மழை இரவில் வண்டியை எடுக்கப்போவது நீங்களாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. வீட்டில் யார் எடுத்தாலும் அந்தக் கோடு அவர்கள் கண்ணில் பட வேண்டும்.