வகுப்பறைச் சுவரில் எதை ஒட்டலாம்?

ஜூன் மாதம் பள்ளி திறக்கிறது. ஒன்றாம் வகுப்போ இரண்டாம் வகுப்போ உங்கள் பொறுப்பில் வருகிறது. கை பரபரக்கும், கடைக்குப் போய் சார்ட்டும் ஜிகினாத் தாளும் அள்ளிக்கொண்டு வரத் தோன்றும். கொஞ்சம் பொறுங்கள்.

சுவர் நிறைய ஒட்டினால் பிள்ளைகளுக்கு நல்லதுதானே? அப்படி இல்லை. அமெரிக்காவில் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தார் 24 மழலையர் வகுப்புப் பிள்ளைகளுக்கு, சுவர் முழுக்க அலங்கரித்த அறையிலும் வெறும் சுவர் அறையிலும் மாற்றி மாற்றிப் பாடம் நடத்தினார்கள். 2014-ல் வெளியான முடிவு: வெறும் அறையில் படித்ததில் 55 சதவீதம் சரியாகச் சொன்ன பிள்ளைகள், அலங்கார அறையில் படித்ததில் 42 சதவீதம்தான் சொன்னார்கள். பாடத்தோடு ஒட்டாத படங்கள் கண்ணை இழுத்துவிட்டன.

அப்படியானால் மொட்டைச் சுவராக விடுவதா? வேண்டாம். கரும்பலகையைச் சுற்றி மட்டும் கை வைக்காதீர்கள். அங்கே இந்த வாரப் பாடத்துக்கு வேண்டியது போதும். மற்றதெல்லாம் பக்கச் சுவருக்கும் பின்சுவருக்கும் போகட்டும்.

எந்த உயரத்தில் ஒட்டுவது? ஒன்றாம் வகுப்புப் பிள்ளையின் கண் தரையிலிருந்து ஏறக்குறைய மூன்றடியில் இருக்கிறது. நாமோ ஆணியை ஏழடியில் அடிக்கிறோம். பார்வையிட வரும் அதிகாரிக்குத்தான் அது வசதி.

இதைத் தமிழ்நாடு எப்போதோ யோசித்துவிட்டது. சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் 2003-ல் தொடங்கிப் பிறகு மாநிலம் முழுக்கப் பரவிய செயல்வழிக் கற்றலில் (பிள்ளை அட்டைகளை எடுத்துத் தன் வேகத்தில் தானே படிக்கும் முறை) சுவரின் அடிப்பகுதியிலேயே கீழ்மட்டக் கரும்பலகை அமைத்தார்கள். உட்கார்ந்தபடியே எழுதலாம், ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு கட்டம் சொந்தம். தலைக்கு மேலே பந்தல், அதாவது குறுக்கும் நெடுக்கும் கட்டிய கம்பி. பிள்ளை வரைந்தது அன்றைக்கே அதில் தொங்கும். உங்கள் பள்ளியில் அந்தக் கட்டங்கள் மங்கிக் கிடந்தால், புதுச் சார்ட் வாங்கும் முன் அவற்றுக்குக் கறுப்பு பூசுங்கள். 2022-ல் வந்த ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்துக் களங்களையும் (கதைக்கு ஒரு மூலை, பாட்டுக்கு ஒரு மூலை என்று பிரிப்பது) இதே உயரக் கணக்கில் அமைக்கலாம்.

பந்தலில் ஒரு தொல்லை உண்டு. நம் ஊர் வெக்கையில் மின்விசிறி ஓயாது. ஒற்றைக் கிளிப்பில் தொங்கும் தாள் சுழன்று முதுகைக் காட்டும். மேலே இரண்டு கிளிப் போடுங்கள். கீழ் ஓரத்தில் ஓர் ஈர்க்குச்சியை வைத்து ஒட்டிவிட்டால் தாள் அசையாது.

சார்ட் வாங்கிக் கட்டுப்படியாகுமா? காலண்டர் அச்சடிக்கும் சிவகாசியில் இருந்துகொண்டு ஏன் வாங்க வேண்டும்? பழைய மாதக் காலண்டரின் வெள்ளை முதுகு நல்ல சார்ட். வழவழப்பான தாளில் ஸ்கெட்ச் பேனா ஈஷும், மார்க்கர் எடுங்கள். தினசரிக் காலண்டர் இன்னும் உபயோகம். கிழித்த தாள்களில் 1 முதல் 31 வரை பெரிய எண்கள் தயாராக இருக்கின்றன. வரிசைப்படுத்தச் சொல்லலாம், கூட்டச் சொல்லலாம். தாள் தீர்ந்த அட்டையை நறுக்கினால் எழுத்து அட்டை.

வீட்டில் கிடக்கும் பட்டாசுக் குழாய்களைப் பிள்ளைகள் கொண்டுவந்தால்? ராக்கெட், பூச்சாடி செய்ய அழகாகத்தான் இருக்கும். வாங்காதீர்கள். வெற்றுக் குழாய்தான் என்பார்கள். உள்ளே மருந்து ஒட்டியிருக்கிறதா என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. திரியும் வேண்டாம். வேறொரு காரணமும் எனக்கு உண்டு: இந்த ஊர்ப் பிள்ளைகளைத் தீப்பெட்டி, பட்டாசு வேலையிலிருந்து மீட்டுப் பள்ளிக்குக் கொண்டுவர அரசும் நீதிமன்றமும் பல ஆண்டுகள் போராடியிருக்கின்றன. அந்த வேலையின் பொருள் வகுப்பறைக்குள் பொம்மையாக வர வேண்டியதில்லை.

தோரணம் கட்டலாமா? கட்டலாம். ஆனால் கதவுக்கு மேலேயும், சுவிட்சுப் பலகை அருகிலும், ஜன்னலை மறைத்தும் காகிதம் கூடாது. 2004 ஜூலை 16-ல் கும்பகோணம் பள்ளித் தீயில் 94 பிள்ளைகள் இறந்தார்கள். அங்கே கூரை கீற்று. உங்களுடையது கான்கிரீட்டாக இருக்கலாம். காகிதத்துக்கு அந்த வித்தியாசம் தெரியாது. வெளியே போகும் வழி எப்போதும் காலியாக இருக்கட்டும்.

செலவுக்கு யாரைக் கேட்பது? பள்ளி மேலாண்மைக் குழுவில் (பெற்றோரும் ஆசிரியரும் உள்ள குழு) பேசுங்கள். கேட்கக் கூச்சப்பட வேண்டாம். விருதுநகரில் பிறந்த காமராஜர் முதல்வராக இருந்தபோது, கல்வி இயக்குநர் நெ.து. சுந்தரவடிவேலு ஊர் ஊராகப் பள்ளிச் சீரமைப்பு மாநாடு நடத்தினார். பள்ளிகளுக்கு வேண்டியதை ஊர்க்காரர்களே கொடுத்தார்கள். காமராஜர் பிறந்த ஜூலை 15 கல்வி வளர்ச்சி நாள். அன்றைக்கு வரும் பெற்றோரிடம் பணமாகக் கேட்காதீர்கள். கொடிக்கயிறு, துணி கிளிப், போன வருஷக் காலண்டர் என்று பொருளாகக் கேளுங்கள்.